கையில் இருந்த ஆடு

2023 டிசம்பரில் லண்டனில் தங்கையின் வீட்டில் பத்து நாட்கள் தங்கியிருந்தேன். குளிருக்குப் பயந்து வெளியே செல்லாத நாட்கள். ஒரு சனிக்கிழமை காலை எழுந்து வந்து பார்த்தால், சாப்பாட்டு மேசையைக் காணவில்லை. அதன்மேல் பச்சைத் துணி விரித்து, அட்டையில் செய்த இடிந்த கட்டடங்களை நிறுத்தி, கட்டைவிரல் உயரமுள்ள போர்வீரர்களை நூற்றுக்கணக்கில் அடுக்கியிருந்தான் மருமகன். ஒவ்வொன்றும் அவனே மெல்லிய தூரிகையால் வண்ணம் தீட்டியது. எதிர்ப்பக்கத்தில் அவனுடைய பள்ளித் தோழன் தன் படையோடு நின்றிருந்தான். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற நிறுவனம் 1987இல் வெளியிட்ட வார்ஹாமர் 40,000 என்னும் ஆட்டம் அது. அளவுநாடா, பகடைகள், தடித்த விதிநூல் ஆகியவற்றோடு ஐந்தாறு மணிநேரம் ஆடினார்கள். அதில் ஒருமணி நேரம் ஆடவில்லை, வாதாடினார்கள்.

வாதம் இதுதான். இந்த ஆட்டத்தில் படை முழுவதையும் தொடக்கத்திலேயே மேசையில் இறக்கிவிட வேண்டியதில்லை. ஒரு பகுதியை மேசைக்கு வெளியே சேமப்படையாக நிறுத்திவைக்கலாம். பின்வரும் சுற்றுகளில் மேசையின் ஓரத்திலிருந்து உள்ளே கொண்டுவரலாம். ஆனால் போட்டி ஆட்டத்துக்கான விதிகளில் ஒரு கெடு உண்டு. மூன்றாம் சுற்று முடிவதற்குள் மேசைக்கு வந்து சேராத சேமப்படை அழிந்ததாகவே கணக்கில் எழுதப்படும். ஒரு குண்டுகூட அதன்மேல் விழுந்திராவிட்டாலும், வராதது செத்தது. மருமகனுடைய படையணி ஒன்று முதல் சுற்றில் மேசையில் நின்றது. இரண்டாம் சுற்றில் ஏதோ ஒரு சிறப்பு அனுமதியைக் காட்டி அதை மேசையிலிருந்து தூக்கிச் சேமப்படையில் வைத்துவிட்டான். மூன்றாம் சுற்று முடிந்தது. அது திரும்பி வரவில்லை. “அழிந்தது” என்றான் தோழன். “தொடக்கத்திலிருந்தே வெளியே நின்றவர்களுக்குத்தான் அந்தக் கெடு. இவர்கள் உள்ளே இருந்துவிட்டுப் போனவர்கள்” என்றான் இவன்.

“மாமா, நீங்க பேப்பர்ல இருந்தவர்தானே, சட்டமெல்லாம் படிச்சு எழுதினவர். நீங்க சொல்லுங்க” என்று நூலை என் கையில் தந்தார்கள். எழுத்தை அப்படியே பிடித்துக்கொண்டு படிப்பது, விதியை எழுதியவன் என்ன நினைத்தான் என்று தேடிப் படிப்பது என இரண்டு வாசிப்புகளுக்கும் அந்த ஆட்டக்காரர்கள் தனித்தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். நம் உரையாசிரியர்கள் தொல்காப்பிய நூற்பா ஒன்றுக்கு ஆளுக்கொரு பொருள் சொல்லிச் சண்டையிட்டது நினைவுக்கு வந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறை வாசித்துக்கொண்டிருக்கையிலேயே பொறுமையிழந்த பையன்கள் பகடையை உருட்டித் தீர்த்துக்கொண்டார்கள். இணங்காவிட்டால் பகடை உருட்டித் தீர்த்துக்கொள்க என்பது அந்த ஆட்டத்தின் பழைய விதிநூல்களே சொன்ன வழிதான் என்று பின்னர் அறிந்தேன். பகடை யார் பக்கம் விழுந்தது என்பது இப்போது மறந்துவிட்டது. உள்ளே இருந்துவிட்டுப் போனவர்கள் என்ற சொல் மட்டும் மறக்கவில்லை.

மேசைமேல் போர் நடத்தும் இந்தப் பழக்கத்துக்கு வயது இருநூறுக்குமேல். பிரஷ்ய நாட்டு அதிகாரியான ரைஸ்விட்ஸ் 1812இல் அரசருக்கு அதைச் செய்துகாட்டினார். அவருடைய மகன் 1824இல் அதை வரைபடத்தின்மீது ஆடும் ஆட்டமாக்கி விதிநூல் வெளியிட, பிரஷ்யப் படை தன் அதிகாரிகளைப் பயிற்றுவிக்க அதை எடுத்துக்கொண்டது. அதில் எதிரியின் கண்ணுக்குத் தெரியாத படையை வரைபடத்தில் வைப்பதே இல்லை. அது எங்கே நிற்கிறது, எப்போது வந்து சேரும் என்பது நடுவருக்குத்தான் தெரியும். விதிகள் பெருகப் பெருக ஆட்டம் கணக்கு வகுப்பாகிவிட்டது என்று கண்டு, வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி 1876இல் அட்டவணைகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, அனுபவமுள்ள நடுவர் சொல்வதே விதி என்று ஒரு முறையை முன்வைத்தார். நடுவரா, நூலா என்ற சண்டை அன்று தொடங்கியது. மருமகனின் மேசையில் நடுவர் இல்லை. எங்கள் ஸ்தோப்பில் ஒருவர் இருந்தார்.

ஸ்தோப்பு என்றால் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு விளங்காது. லயன் வீட்டுக்கு முன்னால் தகரக் கூரையின்கீழ் ஓடும் ஒடுங்கிய திண்ணை அது. டிக்கோயாவுக்கு மேலே உள்ள தோட்டம் ஒன்றில், பன்னிரண்டு காம்பராக்கள் கொண்ட லயத்தில் நான் பிறந்தது 1970இல். எங்கள் ஸ்தோப்பின் சீமெந்துத் தரையில் கவ்வாத்துக் கத்தியின் முனையால் கீறிய ஆடுபுலிக் கட்டம் ஒன்று இருந்தது. யார் கீறியது என்று எவருக்கும் தெரியாது. மழைக்காலத்தில், வேலை கலைந்த பிறகு, தாத்தா அதன்முன் வந்து அமர்வார். ஆடுகள் பதினைந்துக்கும் தேயிலைக் கொட்டைகள். புலிகள் மூன்றுக்கும் உடைந்த பீங்கான் கோப்பையின் சில்லுகள்.

அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். உச்சியிலிருந்து நான்கு கோடுகள் கீழே விரிந்து இறங்கும். குறுக்கே மூன்று கோடுகள் அவற்றை வெட்டி இருபுறமும் நீண்டு மூடப்படும். அடிக்கோட்டையும் சேர்த்தால் 23 சந்திகள். புலி மூன்றையும் முதலில் வைத்துவிடுவார்கள். உச்சியில் ஒன்று, அதன் கீழே இரண்டு. ஆட்டுக்காரன் கையில் பதினைந்து ஆடு. முறைக்கு ஒன்றாக இறக்குவான். அவன் ஒன்றை இறக்க, புலி ஒரு கட்டம் நகரும், அல்லது பக்கத்துச் சந்தியில் உள்ள ஆட்டை நேர்கோட்டில் தாண்டி அப்பால் காலியிடம் இருந்தால் வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை. புலியை நகரவிடாமல் அடைப்பதொன்றே அதன் வெற்றி. ஆகவே விவரமறிந்தவன் ஆடுகளை அடிக்கோட்டிலும் ஓரங்களிலும் முதலில் வைப்பான். ஓரத்தில் நிற்கும் ஆட்டின் முதுகுக்குப் பின்னால் புலி குதித்து இறங்க இடமில்லை. நடுவில் வைத்தவன் நான்காவது முறையிலேயே ஆட்டை இழப்பான்.

இந்த ஆட்டத்தைத் தென்னிந்தியாவிலிருந்து கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் வந்த நம்மவர்கள் கொண்டுவந்தார்களா, அதற்கு முன்பே இங்கு இருந்ததா என்று கேட்டால், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணியாற்றிய ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட ‘பண்டைய இலங்கை’ என்ற ஆங்கில நூலில் சிங்கள மக்களின் ஆட்டங்களை விவரிக்கிறார்; அவற்றுள் ஒன்றின் சிங்களப் பெயர் ‘தெமள திவியன் கெளிய’. தமிழர் சிறுத்தை ஆட்டம் என்று பொருள். இலங்கைக் காடுகளில் வரிப்புலி கிடையாது அல்லவா, இங்கு வந்த புலி சிறுத்தையாகிவிட்டது. எங்கள் தோட்டத்திலும் புலி என்றால் சிறுத்தைதான். இரவில் லயத்துக்கு வந்து நாயைத் தூக்கிச்செல்லும்.

இனி விதிக்கு வருகிறேன். கையில் ஆடு மீதியிருக்கும்போது, கட்டத்தில் ஏற்கெனவே இறக்கிய ஆட்டை நகர்த்தலாமா? கூடாது என்பது பெரும்பாலோர் ஆடும் முறை. நேபாளத்தில் நான்கு புலியும் இருபது ஆடுமாக ஆடும் ‘பாக்சால்’ ஆட்டத்திலும் இதே விதிதான். எங்கள் தாத்தாவும் அந்தக் கட்சி. “கையில ஒத்த ஆடு இருக்கிற வரைக்கும் கீழ இருக்கிற ஆடு அசையப்புடாது. எல்லாத்தையும் எறக்கு, அப்புறம் நட” என்பார். அடுத்த காம்பராவில் இருந்த என் தோழன் இதை ஏற்கவில்லை. என் வயதுதான் அவனுக்கும். அவனுடைய அப்பாயி சொல்லிக்கொடுத்த முறையில் ஆட்டுக்காரன் விரும்பினால் புதியதை இறக்கலாம், விரும்பினால் பழையதை நகர்த்தலாம்.

கேட்பதற்குச் சின்ன வேறுபாடு. ஆடிப் பார்த்தால் இரண்டும் இரண்டு ஆட்டங்கள். தாத்தாவின் முறையில் பதினைந்து முறையும் ஆட்டுக்காரனுக்குக் கட்டாயம். நல்ல இடம் இல்லாவிட்டாலும் இறக்கியே ஆகவேண்டும். அந்த நெருக்கடியில்தான் புலிக்கு இரை கிடைக்கும். தோழன் முறையில் பதினான்கை இறக்கிவிட்டுப் பதினைந்தாவதைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். கட்டத்தில் நிற்கும் ஆடு ஒரு கோடு தள்ளித்தான் நடக்கும். கையில் இருக்கும் ஆடோ காலியான எந்தச் சந்தியிலும் குதிக்கும். எங்கே விழும் என்று தெரியாத ஆட்டுக்குப் புலி பயப்படும். ஜப்பானியரின் சதுரங்கமான ஷோகியில் பிடிபட்ட காய்கள் பிடித்தவன் கைக்குப் போய், அவன் பக்கத்து வீரராகக் களத்தில் எங்கும் இறங்குகின்றன. அந்தக் கைக்காய்களை எங்கே இறக்கக்கூடாது என்பதற்கே அவர்கள் தனி விதிகள் வகுக்கவேண்டியிருந்தது. கையில் இருப்பதன் வலிமை அத்தகையது.

தோழன் அந்தக் கடைசிக் கொட்டையை வலக்கைக்குள் மூடிக்கொண்டு, இடக்கையால் மற்ற ஆடுகளை நகர்த்துவான். நான் புலிகளோடு தவிப்பேன். “தாத்தா, இவன் எறக்க மாட்டேங்கிறான்” என்று முறையிடுவேன். தாத்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தீர்ப்புச் சொல்வார். “அது களவு. கையில இருக்கிற ஆட்டைப் புலி எப்பிடிடா திங்கும்? எறக்காத ஆட்டுக்குப் பேரு ஆடே இல்ல.” தோழன் முணுமுணுத்துக்கொண்டு இறக்குவான். தாத்தா எழுந்து சென்றதும் மீண்டும் அவன் முறைக்கே வந்துவிடுவான்.

தாத்தாவின் நீதி எனக்கு அப்போது முழுமையானதாகத் தோன்றியது. அவரே வேறோர் இடத்தில் அதற்கு நேர்மாறாக ஆடிக்கொண்டிருந்தார் என்பது தெரிய எனக்குப் பதினேழு வயதாயிற்று. 1987இல் அவர் இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். பழைய சம்பளத் துண்டுகளுக்கும் பாட்டியின் தோட்டுக்கும் அடியில், நான்காய் மடித்து, இரண்டு விண்ணப்பப் படிவங்கள் இருந்தன. ஒன்று இந்தியக் குடியுரிமைக்கு, மற்றது இலங்கைக் குடியுரிமைக்கு. இரண்டிலும் ஓர் எழுத்தும் எழுதப்பட்டிருக்கவில்லை.

அந்தப் படிவங்களின் கதையை இளைய வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். நாடு விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் 1951 ஆகஸ்ட்டுக்குள் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பதிவு கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே. தாத்தா கெடுவுக்குள் விண்ணப்பித்தவர். மணமானவர் 1946 ஜனவரிக்கு முந்தைய ஏழாண்டுகள் தொடர்ந்து இலங்கையில் வசித்திருக்கவேண்டும் என்பது விதி. ஒருதடவை பன்னிரண்டு மாதத்துக்குமேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். 1941இல் தன் தகப்பனாரின் சாவுக்கு நாமக்கல் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார் தாத்தா. இலங்கைக்குக் கூலிவேலைக்கு ஆட்கள் செல்வதை இந்திய அரசு 1939 ஆகஸ்ட்டில் தடைசெய்திருந்த காலம் அது. போவது எளிது, திரும்புவதுதான் பாடு. அவர் திரும்பியபோது பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. விசாரித்த அதிகாரி அந்த இரண்டு மாதங்களைப் பிடித்துக்கொண்டார். வர இயலாதபடி வழியை அடைத்துவிட்டு, வரவில்லையே என்று கேட்பது எந்த வாசிப்பு என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. எழுத்துப்படி அவர் செய்தது சரி. விண்ணப்பம் தள்ளுபடி.

பிறகு 1964 அக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். ஒன்பது இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று ஒதுக்கிவைத்தார்கள். பத்தாண்டுகள் கழித்து, 1974இல், சிறிமாவும் இந்திரா காந்தியும் அவர்களையும் பாதிபாதியாகப் பிரித்தார்கள். இந்த ஒப்பந்தத்தைப் பற்றித் தொழில்முறையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் அந்த ஒன்றரை இலட்சம் என்ற எண்ணின் முன் பேனா சற்று நிற்கும். கட்டத்துக்கு வெளியே, எவர் கையிலோ இருந்த ஆடுகள் அவர்கள்.

தாத்தா இரண்டாவது முறை எந்தப் படிவத்தையும் நிரப்பவில்லை. தொழிற்சங்கத் தலைவர் வந்து சொன்னார், கணக்கப்பிள்ளை சொன்னார், அப்பா அழுதே கேட்டார். “பொறுங்கடா” என்பது மட்டுமே பதில். இறக்கினால் புலி தின்னும் என்று ஒருமுறை பார்த்துவிட்டவர், அதன்பிறகு கையை மூடிக்கொண்டார். அவர் இறந்த மறுவருடம், 1988இல், 39ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இந்தியாவுக்கு விண்ணப்பிக்காத எஞ்சியோர் அனைவருக்கும் தனித்தனி விண்ணப்பம் இன்றியே இலங்கைக் குடியுரிமை என்றது அது. எனக்குப் பதினெட்டு வயது. அடையாள அட்டை பெற்றேன். பல்கலைக்கழகம் சென்றேன். தாத்தா பொறுத்திருந்ததால் இது கிட்டியதா, அவர் பொறுத்திருந்த இருபது வருடங்களில் அப்பா இழந்தவை எவ்வளவு என்று வீட்டில் பலநாள் வாதம் நடந்திருக்கிறது. அப்பா கடைசிவரை அவரை மன்னிக்கவில்லை. நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், கேட்கும் நாளைப் பொறுத்தது.

தோழனின் குடும்பம் வேறுவிதமாக முடிவெடுத்தது. எழுபதுகளின் தொடக்கத்திலேயே அவனுடைய தகப்பனார் இந்தியாவுக்கு எழுதிவிட்டார். கடவுச்சீட்டு வந்தும் போகாமல் வருடங்களைக் கடத்தினார்கள். 1974இன் பஞ்சத்தில்கூடப் போகவில்லை. 1977இல் ஒருமுறை, 1981இல் இன்னொருமுறை வன்செயல் நடந்தபின் அவருடைய மனம் விட்டுப்போயிற்று. 1982இல் சாமான்களைக் கட்டினார்கள். அவனுடைய அக்காவுக்கு அதற்குள் மஸ்கெலியாவில் திருமணமாகியிருந்தது; மாப்பிள்ளை இலங்கைப் பிரசை. ஆகவே அவள் இங்கே, மற்றவர்கள் அங்கே.

புறப்படுவதற்கு முந்திய நாள் மாலை நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம். இரண்டு புலியை அவன் அடைத்துவிட்டான். மூன்றாவது உச்சியில் திணறிக்கொண்டிருந்தது. கடைசிக் கொட்டை அவனுடைய வலக்கையில். அப்போது அவனுடைய தாயார் கூப்பிட்டார். எழுந்து போனவன் திரும்பவில்லை. மறுநாள் ஹட்டன் புகையிரத நிலையத்தில் லயமே திரண்டு அழுதது. தலைமன்னாருக்குப் போகும் அந்த ரயிலுக்கு மலையகம் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வைத்திருந்தது. பெயர் பொருத்தமானது. ரயில் நகரும்போது தாத்தா சன்னலோடு சேர்ந்து சிறிது தூரம் நடந்ததையும், குனிந்து அவனிடம் ஏதோ சொன்னதையும் பார்த்தேன். என்ன என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அதற்கப்பால் எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. இரண்டு கடிதங்கள் வந்தன. 1983 ஜூலைக்குப் பிறகு எதுவும் வரவில்லை. 1984இல் கப்பலும் நின்றுவிட்டது.

2004இல் நீலகிரி மாவட்டத்துக்குச் செல்ல வாய்ப்பு நேர்ந்தது. முந்திய வருடம் இலங்கை நாடாளுமன்றம் எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் குடியுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. அதையொட்டி, போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று எழுதும் பொறுப்பு எனக்கு. தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கி, 1976இல் கழகமாக மாற்றிய டான்டீ தோட்டங்கள் கூடலூர், சேரம்பாடிப் பகுதிகளில் பரந்து கிடக்கின்றன. மஸ்கெலியா அக்கா ஒரு புகைப்படத்தையும், கேட்டறிந்த முகவரி ஒன்றையும் தந்திருந்தாள். முகவரி தவறு. ஆனால் டிக்கோயா என்று சொன்னதும் தேநீர்க் கடையில் இருந்த ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். அங்கே அவர்களுக்கு ‘சிலோன்காரங்க’ என்று பெயர். இங்கே இருந்தவரை ‘இந்தியாக்காரர்’.

தோழன் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றிருந்தான். இருபத்திரண்டு வருடம். என்னை அடையாளம் காண ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு, “நீயாடா?” என்றான். புகைப்படத்தை வாங்கி, கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாங்கினான். அன்றிரவு அவன் வீட்டில், அவன் மனைவி உலை வைத்துக்கொண்டிருக்க, நான் கேட்டேன், அந்தக் கடைசிக் கொட்டையை என்ன செய்தாய் என்று. “எந்தக் கொட்டை?” என்றான். அவனுக்கு அந்த ஆட்டமே நினைவில் இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். நாம் அரிதாய்ப் பாதுகாத்துவந்த ஒன்றை மற்றவர் எப்போதோ எங்கோ போட்டுவிட்டிருப்பார்.

ஆனால் ரயில் சன்னலில் தாத்தா சொன்னது அவனுக்கு நினைவிருந்தது. “நீ ஆடுனதுதாண்டா சரி. போற எடத்துல எல்லாத்தையும் எறக்கிப்புடாத, ஒண்ணக் கையில வச்சுக்க.” பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவனுடைய தகப்பனாருக்கு ஆடுபுலிக் கதை எதுவும் தெரியாது. பெரியவர் தன் மகளைப் பற்றித்தான் சொல்கிறார் என்று அவர் எடுத்துக்கொண்டாராம். அக்காவையும் அழைத்துக்கொள்ள அதன்பிறகு ஒரு வழி வந்தபோது, “பெரியவர் சொன்னாருல்ல, ஒண்ணு அங்கயே இருக்கட்டும்” என்று விட்டுவிட்டாராம். அவர் சாகும்போது அந்த மகளைத்தான் கேட்டிருக்கிறார்.

நான் அந்தக் கட்டுரையை எழுதினேன், வெளிவந்தது. இந்தப் பகுதியை மட்டும் அதில் சேர்க்கவில்லை. ஒரு கிழவர் சிறுவனுக்குச் சொன்ன ஆட்டத் தீர்ப்பை எழுத்துப்படி எடுத்துக்கொண்டவரைக் குறைசொல்ல முடியுமா? தாத்தா நினைத்தது காசையா, நிலத்தையா, அல்லது வெறும் பதினைந்தாவது ஆட்டைத்தானா? கேட்டுத் தெளிய நடுவர் இல்லை. லண்டன் மேசையருகே விதிநூலோடு நான் வாயடைத்து நின்றதற்கு இதுவும் காரணம்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்ட்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. அந்த வருடமே தோழன் அதில் வந்து இறங்கினான். கடவுச்சீட்டில் சுற்றுலாப் பயணி. யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்தில் அழைத்து வந்தேன். மஸ்கெலியாவில் அக்கா வாசலில் நின்றிருந்தாள். நாற்பத்திரண்டு வருடம். அதைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு உரிமையில்லை. நான் வெளியே ஸ்தோப்பில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் மூவரும் எங்கள் பழைய லயத்துக்குப் போனோம். ஸ்தோப்பில் புதிதாகச் சீமெந்து பூசியிருக்கிறார்கள். கட்டம் அதன் அடியில் எங்கோ இருக்கவேண்டும். இப்போது அங்கே குடியிருக்கும் பெண் எங்களை யாரோ கணக்கெடுக்க வந்தவர்கள் என்று நினைத்து முதலில் பயந்து, பிறகு தேநீர் தந்தாள். அவளுடைய பையனிடம் சோக்குக்கட்டி வாங்கி நான் கட்டத்தை வரைந்தேன். தேயிலைக் கொட்டை கிடைக்கவில்லை. பையன் போத்தல் மூடிகளைக் கொண்டுவந்தான். எனக்குப் புலி, அவனுக்கு ஆடு, பழையபடியே. அக்கா நடுவராக அமர்ந்தாள். இரண்டு ஆடுகளை வெட்டினேன். அவன் என் புலிகளில் ஒன்றை அடைத்தான். பிறகு கட்டத்தில் நின்ற ஆடொன்றை நகர்த்தினான். வலக்கை மூடியே இருந்தது.

“பதினஞ்சாவத எறக்குடா” என்றேன்.

அக்கா அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இரு, என்ன அவசரம்?” என்றான்.